கல்லூரி முழுக்க ஒரே தீர்ப்பு: சட்டக் கல்லூரியில் பொது வாசிப்பு நடத்துவது எப்படி?

நான் ஒரு சட்டக் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். எங்கள் கல்லூரியில் வருடத்துக்கு ஒரு தடவை, முதலாண்டு மாணவரிலிருந்து முதல்வர் வரை எல்லோரும் சமூக நீதி சார்ந்த ஒரே பிரதியைப் படித்துவிட்டு, சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார்ந்து பேசுவோம். ‘பொது வாசிப்பு’ என்று பெயர். அலுவலகத்தில் கட்டணம் வாங்கும் அக்காவும் வருவார், வாட்ச்மேன் அண்ணனும் வருவார். இதை எப்படி நடத்துகிறீர்கள் என்று மற்ற கல்லூரிகளில் வேலை செய்யும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதியது இது.

சட்ட மாணவர்கள் அநியாயத்துக்கு வேகமாகப் படிப்பார்கள். தீர்ப்பைக் கையில் கொடுத்தால் தலையில் சுருக்கமாக வரும் ஹெட்நோட்டைப் பார்ப்பார்கள், கடைசிப் பக்கத்துக்குத் தாவுவார்கள், நடுவில் ரேஷியோ, அதாவது தீர்ப்பின் அடிப்படையான சட்டக் காரணம், எங்கே இருக்கிறது என்று தேடி அடிக்கோடு போடுவார்கள். தேர்வுக்கு அது போதும். வழக்கின் சங்கதிகளை மட்டும் யாரும் படிப்பதில்லை. ஆனால் யாருக்கு, எந்த ஊரில், எத்தனை ரூபாய் விஷயத்தில், யாரால் அநியாயம் நடந்தது என்பதெல்லாம் அந்தச் சங்கதிகளில்தான் கிடக்கிறது. கீழே நான் சொல்லும் ஏற்பாடுகள் எல்லாமே அந்தப் பக்கங்களை மெதுவாகப் படிக்க வைப்பதற்காகத்தான்.

எதைப் படிப்பது

முதல் வருடம் புத்தகத்துக்குப் போகாதீர்கள். ஆளுக்கொரு பிரதி வாங்க எந்தக் கல்லூரியிலும் பணம் இருக்காது. நூலகத்தில் இருக்கும் நாலு பிரதியை வைத்துக்கொண்டு ‘எல்லோரும் படியுங்கள்’ என்றால், காசு இருக்கும் பிள்ளை வாங்கிவிடும், இல்லாத பிள்ளை படித்த மாதிரி தலையாட்டும். சமூக நீதி பற்றிப் பேச வந்த இடத்தில் இப்படி ஓர் ஆரம்பம் தேவையா? தீர்ப்பு என்றால் செலவில்லை. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பே இ-எஸ்.சி.ஆர். என்ற பெயரில் 2023 முதல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

எந்தத் தீர்ப்பு என்பதில்தான் ஆசை நம்மைக் கவிழ்க்கும். சமூக நீதி என்றவுடன் பேராசிரியர்கள் எல்லோரும் 1992-இன் இந்திரா சாஹ்னி வழக்கைச் சொல்வார்கள். ஒன்பது நீதிபதிகள், இட ஒதுக்கீட்டுக்கு 50 சதவீத உச்சவரம்பு. முக்கியமான தீர்ப்புதான், மறுப்பில்லை. ஆனால் பல நீதிபதிகள் தனித்தனியாக எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்கள் அவை. இரண்டாவது வாரமே குழு கலைந்துவிடும். நான் பார்ப்பது இரண்டே விஷயம். சங்கதிகளில் மனிதர்கள் தெரிய வேண்டும். முடிவு, ‘ஜெயித்தார்கள்’ என்றோ ‘தோற்றார்கள்’ என்றோ ஒரே சொல்லில் அடங்காததாக இருக்க வேண்டும்.

முதல் தடவைக்கு நான் பரிந்துரைப்பது ஓல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி. 1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்பு. அரசியலமைப்புச் சட்டப் பாடத்தில் இது ஒரே வரி: வாழ்வாதார உரிமை, உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும். எந்த மாணவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சரி, வழக்குப் போட்ட நடைபாதைவாசிகளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டுப் பாருங்கள். ‘ஜெயிச்சாங்க சார்’ என்பார்.

தீர்ப்பின் முதல் பக்கங்களில் இருப்பது இது. மனுதாரர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். நிலமில்லாத விவசாயக் கூலி. வறட்சியில் வேலை போய் 1961-இல் பம்பாய்க்குப் போனார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டும் கித்தானும் போட்ட ஒரு கூரைக்காக, அந்த இடத்தைக் கையில் வைத்திருந்த தாதா ஒருவர் அவரிடம் 2,500 ரூபாய் பறித்திருக்கிறார். மனைவி, மூன்று பெண் பிள்ளைகளோடு அங்கேதான் குடித்தனம். 1981 ஜூலை 13 அன்று, நடைபாதைவாசிகளை எல்லாம் அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கே அனுப்பப் போவதாக மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே அறிவித்தார். 23-ஆம் தேதி மாநகராட்சி ஆட்கள் வந்து இடித்துவிட்டு, குடும்பத்தையே சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். மனைவியும் பிள்ளைகளும் சேலத்தில் தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் வேலை தேடித் திரும்பவும் பம்பாய் போய், மறுபடியும் ஒரு நடைபாதையில் ஒண்டினார்.

பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே தீர்ப்பில், நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை கிடையாது, மாநகராட்சி அகற்றலாம் என்றும் சொன்னது. மழைக்காலம் முடியட்டும் என்று 1985 அக்டோபர் 31 வரை தள்ளி வைத்தது. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை வாங்கியவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னது. அட்டை இல்லாதவர்கள்? அந்தக் கேள்வியிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

பிரதியைத் தயார் செய்வது

இது நூலகரின் வேலை. நூலகர் இல்லாத இடத்தில் பொறுப்பான ஒருவர் செய்ய வேண்டும். சங்கதிகள் முழுவதும், மாநகராட்சி தரப்பின் பதில், கடைசி உத்தரவு, இந்த மூன்றும் கண்டிப்பாக வேண்டும். நடுவில் முன் தீர்ப்புகளை அலசும் பகுதியை எடுத்துவிடலாம். எங்கே எடுத்திருக்கிறீர்கள் என்று குறிப்புப் போட்டு, முழுப் பிரதி ஒன்றை நூலக மேசையில் வையுங்கள். பத்திகளுக்கு எண் போடுங்கள். ‘ஏழாவது பத்தியைப் பாருங்கள்’ என்று சொல்ல முடிந்தால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும். ஓரத்தில் கிறுக்க இடம் விடுங்கள்.

ஜெராக்ஸ் போடும்போது ஒரு எச்சரிக்கை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(q) பிரிவுப்படி, நீதிமன்றமே தடுக்காத வரை தீர்ப்பை யாரும் மறுபதிப்புச் செய்யலாம். தனியார் சட்ட இதழ்கள் அதே தீர்ப்போடு சேர்த்துத் தரும் ஹெட்நோட்டும் பதிப்பாசிரியர் சேர்க்கைகளும் அப்படியல்ல. தீர்ப்பின் மூலப் பாடம் பொதுவானது, பதிப்பகம் தன் உழைப்பால் சேர்த்தவற்றில் சிலவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு என்று 2007-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றமே பிரித்துச் சொல்லியிருக்கிறது. எனவே நீதிமன்றத் தளத்திலிருந்து எடுங்கள். அதில் வரும் ஹெட்நோட்டையும் கத்தரித்துவிடுங்கள். ஹெட்நோட் கையில் இருந்தால் ஒருத்தரும் உள்ளே போகமாட்டார்கள்.

அடுத்தது தமிழ். தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் நிறைய. அலுவலக ஊழியர்களையும் சேர்க்கிறோம் என்றால் ஆங்கிலப் பிரதி மட்டும் கொடுப்பது அழைத்துவிட்டு வாசலில் நிறுத்துவது மாதிரி. உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளைத் தமிழிலும் வெளியிட்டு வருகிறது; அவை பெரும்பாலும் கணினி உதவியோடு செய்தவை என்பதால் முழுக்கப் படித்துப் பார்க்காமல் விநியோகிக்காதீர்கள். நாங்கள் சங்கதிப் பகுதியை மட்டும் இறுதியாண்டு மாணவர்களை வைத்து மொழிபெயர்த்துக்கொள்கிறோம். நாலைந்து பக்கம்தான். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். மொழிபெயர்த்த பிள்ளைகள் அந்தப் பக்கங்களை வாழ்நாளுக்கும் மறப்பதில்லை; அது தனி லாபம்.

குழுக்கள்

ஒரு குழுவில் பத்து, பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். வகுப்புவாரியாகப் பிரிக்காதீர்கள். முதலாண்டும் இறுதியாண்டும், ஐந்தாண்டுப் படிப்பும் மூன்றாண்டுப் படிப்பும், ஓர் ஆசிரியர், ஓர் ஊழியர் என்று கலந்து போடுங்கள். நண்பர்கள் சேர்ந்து வந்து ‘எங்களை ஒரே குழுவில் போடுங்க மேடம்’ என்பார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். யார் யாரோடு சேர்ந்து உட்காருகிறார்கள் என்பதில் நம் ஊரில் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

குழுவை நடத்துபவர் மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டு மாணவராக இருக்கட்டும். மூட் கோர்ட் என்னும் மாதிரி நீதிமன்றப் போட்டியில் கோப்பை வாங்கியவரைத் தேடாதீர்கள். அவருக்கு வாதாடத்தான் கைவரும். ஜூனியர்கள் நோட்டு கேட்டுப் போகும் ஆள் யார் என்று விசாரியுங்கள், அவர்தான் சரி. இவர்களை மட்டும் ஒருநாள் முன்னதாக உட்கார வைத்து மொத்தப் பிரதியையும் சத்தமாகப் படித்துவிடுங்கள். கேள்வித்தாள் ஒன்று கொடுங்கள். விடைத்தாள் கொடுக்காதீர்கள்.

ஆசிரியர்கள் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. அவர்களும் குழுவில் ஒருவர்தான், முதல் அரை மணி நேரம் பேசக் கூடாது என்பது எங்கள் விதி. மூத்தவர்கள் சிலருக்கு இது கசக்கும். ‘பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டுச் சொல்ல வேண்டும் சார்’ என்று ஒரு வேலையாகக் கொடுத்தால் ஒத்துக்கொள்கிறார்கள். வகுப்பறை பெஞ்சுகளில் நடத்த வேண்டாம். ஆசிரியர் எங்கே உட்கார்ந்தாலும் எல்லோரும் அந்தப் பக்கமே திரும்பிவிடுவார்கள். வராந்தா, நூலகத் தரை, மரத்தடி, எதுவும் ஆகும்.

மூன்று அமர்வுகள்

முதல் அமர்வில் விவாதமே கிடையாது. வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு மூன்று வாக்கியம் சத்தமாகப் படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். தமிழில் படிப்பவர் தமிழில் படிக்கட்டும். படிக்க விருப்பமில்லை என்றால் ‘அடுத்து’ என்று சொல்லிக் கடத்திவிடலாம், காரணம் கேட்கக் கூடாது. ‘சின்னப் பிள்ளைங்க மாதிரி’ என்று இறுதியாண்டுக்காரர்கள் ஆரம்பத்தில் நெளிவார்கள். இரண்டாவது பக்கத்தில் அடங்கிவிடுவார்கள். சத்தமாகப் படிக்கும்போது எந்த வரியையும் தாண்ட முடியாது, அதற்காகத்தான் இது.

படித்து முடித்ததும் ஒரே ஒரு கணக்கு. 2,500-ஐ 23-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட 109 நாள் கூலி. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால், நாலு மாதத்துக்கும் மேல் ஒரு பைசா செலவு செய்யாமல் சேர்த்தால்தான் அந்தக் கூரை. மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டாம். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் இந்தக் கணக்கை யாரும் கேட்காமலே மனக்கணக்காகப் போட்டுச் சொன்னார். பிள்ளைகள் போனைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது அமர்வு கேள்விகளுக்கு. ‘இந்தத் தீர்ப்பைப் பற்றி உங்கள் கருத்து என்ன?’ என்று ஆரம்பித்தால் செய்தித்தாள் தலையங்கம் மாதிரி நாலு வாக்கியம் வரும், அவ்வளவுதான். பிரதிக்குள் விரல் வைத்துக் காட்ட வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். எங்கள் தாளிலிருந்து சில:

சேலத்துக்காரரோடு சேர்ந்து அந்த மனுவைப் போட்டவர்கள் இன்னொரு நடைபாதைவாசியும் ஒரு பத்திரிகையாளரும். வழக்கு நிற்பதோ பத்திரிகையாளர் பெயரில். ஏன் அப்படி?

நடைபாதையில் குடிசை போட எங்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று மனுதாரர்கள் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பிறகு உச்ச நீதிமன்றத்தில் மாற்றிப் பேச அவர்களை எப்படி அனுமதித்தார்கள்?

நடைபாதை யாருக்கானது? மாநகராட்சி தரப்பு சொல்வதில் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு வாக்கியத்தைக் காட்டுங்கள்.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எல்லோரும் ஒரே பக்கம் நின்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் குழுவில் யாரும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை. மாநகராட்சிக்காகப் பேசவும் ஒருவர் வேண்டும். இன்னொரு தகவலும் கையில் வைத்திருங்கள். அந்த அமர்வில் இருந்த நீதிபதி ஏ. வரதராஜன் தமிழ்நாட்டுக்காரர், உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் தலித் நீதிபதி. ஐந்து பேரும் ஒருமித்துச் சொன்ன தீர்ப்பு இது. அவர் தனியாக ஏன் எதுவும் எழுதவில்லை என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். பதில் பிரதியில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மற்றவர்கள் பிரதியைப் புரட்டும் விதம் மாறும்.

மூன்றாவது அமர்வில் பம்பாயை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வாருங்கள். இங்கே குடிசை மாற்று வாரியம் 1970-இல் வந்தது, குடிசைப் பகுதிச் சட்டம் 1971-இல். வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்று சட்டக் கல்லூரி வயதில் இருக்கிறார்கள். மாணவர்கள் தங்கள் மாவட்டத்தில் நடந்த ஓர் அப்புறப்படுத்தல் பற்றிய நோட்டீஸையோ உத்தரவையோ கொண்டுவர வேண்டும். எத்தனை நாள் அவகாசம் கொடுத்தார்கள், மாற்று இடம் எத்தனை கிலோமீட்டர், இரண்டும் அதில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

சிக்கலான இடங்கள்

எந்தப் பிரதியைக் கொடுத்தாலும் இட ஒதுக்கீடு நடுவில் வந்து குதிக்கும். ‘தகுதி’ என்று ஒருவர் ஆரம்பிப்பார், இன்னொருவர் முகம் சிவக்கும். தடுக்காதீர்கள், ஆனால் வெறும் வாயாலும் பேச விடாதீர்கள். எங்கள் குழுத்தலைவர்களிடம் இதற்கென்றே ஒரு தனித்தாள் இருக்கும். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன செண்பகம் துரைராஜன் வழக்கின் வகுப்புவாரி அட்டவணை, அதாவது கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்த சென்னை அரசின் ஆணை. ஒவ்வொரு 14 இடத்திலும்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆவணம் ‘அரிஜன்’ என்று குறிப்பிடுபவர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. மனுதாரர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதே வருடம் ஜூனில் முதல் அரசியலமைப்புத் திருத்தம், பிற்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) பிரிவு. தாளைக் கொடுத்துவிட்டு, ‘இதை வைத்துச் சொல்லுங்கள்’ என்றால் குரல் தானாக இறங்கும்.

இன்னொரு விதியை நான் யாருக்காகவும் தளர்த்துவதில்லை. ‘உன் அனுபவத்தைச் சொல்லேன்’ என்று யாரையும் பார்த்து யாரும் கேட்கக் கூடாது. நல்லெண்ணத்தோடுதான் கேட்பார்கள். ஆனால் அந்த நிமிஷத்தில் அந்தப் பிள்ளை மாணவர் என்பது போய்ச் சாட்சிக் கூண்டில் நிற்கும். தானாகச் சொன்னால் கேட்போம், அதை வெளியே கொண்டுபோகமாட்டோம். குழுப் பேச்சை வாட்ஸ்அப்பில் போடுவது, வீடியோ எடுப்பது இரண்டுக்கும் தடை.

நேரம், மதிப்பெண், விருந்தினர்

வகுப்பு நேரத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. அதில் கை வைத்தால் ஆசிரியர், மாணவர் இருவருமே எதிரியாகிவிடுவார்கள். மாலையில் வையுங்கள், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். வாரம் ஒன்று என்று மூன்று வாரம், செமஸ்டர் தேர்வு ஜுரம் வருவதற்குள்.

இண்டர்னல் மதிப்பெண் கூடாது. சான்றிதழும் வேண்டாம் என்பேன். சான்றிதழுக்கு வருபவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாசலைத் தேடுவார்கள்.

குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை இல்லாமல் ஒரு நிகழ்ச்சியா என்று நிர்வாகம் கேட்கும். அதை நவம்பர் 26, அரசியலமைப்பு நாளுக்குத் தள்ளிவிடுங்கள். முதல்வருக்கும் ஒரு விழா கிடைக்கும். அன்றும் சொற்பொழிவுக்குப் பதிலாக, 1949 நவம்பர் 25-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதிலிருந்து, அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் சேர்ந்தே இருக்கப் போவதைப் பற்றி அவர் எச்சரிக்கும் பகுதியை மாணவர்கள் படிக்கலாம். அமர்வுகளுக்கு விருந்தினர் வேண்டும் என்றால் மூத்த வழக்கறிஞரைவிடத் தூய்மைப் பணியாளர் சங்கத்துக்காரரோ நடைபாதை வியாபாரியோ மேல். பிரதியை ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்துவிட்டு, போக்குவரத்துச் செலவையும் அன்றைய கூலியையும் கையில் கொடுங்கள். பேச அழைக்க வேண்டாம், குழுவில் ஒருவராக உட்கார அழையுங்கள்.

அடுத்தடுத்த வருடங்களுக்கு

கழிவுநீர்க் குழி மரணங்கள் பற்றிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தீர்ப்பு (2014) சின்னது, நேரடியானது. 1993-க்குப் பிறகு இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் என்று அது சொன்னது. 2023-இல் பல்ராம் சிங் வழக்கில் அத்தகைய மரணங்களுக்கான இழப்பீடு 30 லட்சமானது. இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதை ரத்து செய்த சுகன்யா சாந்தா தீர்ப்பு (2024) நீளம். வெட்டித்தான் கொடுக்க வேண்டும்.

வாச்சாத்தியை மூன்றாவது வருடத்துக்கு முன்னால் எடுக்காதீர்கள். தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடி கிராமத்தில் 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் செய்த கொடுமைக்கு 2011 செப்டம்பரில்தான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவானது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாலியல் வன்முறை பற்றிய சங்கதிகளை வட்டமாகச் சத்தமாகப் படிக்க வைக்கக் கூடாது. அந்தப் பத்திகளைத் தனித்தாளாக எடுத்து, என்ன இருக்கிறது என்று முன்பே சொல்லி, விரும்புகிறவர்கள் தனியாகப் படிக்கட்டும். எத்தனை வருடம், எத்தனை முறை வாய்தா, யார் சாட்சி சொல்ல வந்தார்கள் என்ற பக்கங்களை மட்டும் குழுவில் சத்தமாகப் படியுங்கள். அந்த வருடம் குழுத்தலைவர்களை வழக்கத்தைவிட ஒரு மாதம் முன்னதாகவே தேர்ந்தெடுத்துவிடுங்கள்.